கற்றச்சரும் கற்பொடியும்

மனிதன் முதன்முதலில் கையிலெடுத்த கருவிகளுள் ஒன்று கல். கல்லால் அவன் வேட்டையாடினான், கல்லில் மாவரைத்தான், கல்லை அடுக்கி அணை கட்டினான், கல்லில் எழுத்தைப் பொறித்தான், தான் வணங்கிய தெய்வத்தின் திருவுருவையும் கல்லிலேயே வடித்தான். மக்கள் நடக்கும் சாலையிலும், உறையும் வீட்டிலும், வழிபடும் கோயிலிலும், இறந்தோர்க்கு எடுக்கும் நினைவுச் சின்னத்திலும் கற்றச்சரின் உழைப்பு உறைந்து கிடக்கின்றது.

சிலையின் அழகைக் கண்டு வியப்போர் பலர். ஆனால், சிலைக்கு வேண்டாதது என்று செதுக்கி நீக்கப்பட்ட கல் எங்கே சென்றது என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. பெருஞ்சில்லுகள் நிலத்தில் விழுந்தன. சிறுசில்லுகள் காலடியில் குவிந்தன. கண்ணுக்குப் புலனாகாத நுண்பொடியோ காற்றிலே கலந்தது. செதுக்கியவனின் மூச்சோடு உட்சென்றது. அவன் நுரையீரலிலே தங்கியது. அங்ஙனம் தங்கிய பொடி, ஆண்டுகள் பல கழிந்த பின்னர், அவன் உயிருக்கே உலை வைத்தது. இப்பொடியின் இயல்பு யாது? இதனால் விளையும் கேடு யாது? அக்கேட்டினைத் தடுத்தல் இயலுமா? இவ்வினாக்களுக்கு அமெரிக்க நாட்டுச் சிற்றூர் ஒன்றின் வரலாறு தெளிவான விடை தருகின்றது. அதனை அறிதற்கு முன் கல்லின் தன்மையைச் சிறிது அறிதல் வேண்டும்.

மண்ணுலகின் மேலோட்டில் மிகுதியாகக் காணப்படும் பொருள்களுள் ஒன்று சிலிக்கா என்பது. ஆற்று மணலிலும் கடற்கரை மணலிலும் மின்னும் மணிகள் பெரும்பாலும் இதுவே. இச்சிலிக்கா படிக வடிவில் அமையும்போது குவார்ட்சு எனப் பெயர் பெறுகின்றது. எல்லாக் கல்லிலும் இஃது ஒரே அளவில் இருப்பதில்லை. கருங்கல்லில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குவார்ட்சு உண்டு. மணற்கல்லில் அது பெரும்பங்காக அமைந்துள்ளது. சலவைக்கல்லிலோ சுண்ணாம்புச் சத்தே மிகுதி. குவார்ட்சு மிகக் குறைவு. ஆகவே, இருவர் ஒரே உளியால் ஒரே வகையான வேலையைச் செய்யினும், கருங்கல்லைச் செதுக்குவோன் ஒன்றையும் சலவைக்கல்லைச் செதுக்குவோன் வேறொன்றையும் சுவாசிக்கின்றனர். இவ்வேறுபாட்டை மாணவர் நினைவிற் கொள்வாராக.

தூசி எல்லாம் ஒரு தன்மையது அன்று. கண்ணுக்குத் தெரியும் பருந்தூசி மூக்கின் மயிராலும் தொண்டையின் ஈரத்தாலும் தடுக்கப்படுகின்றது. தும்மலிலும் சளியிலும் வெளியேறுகின்றது. அதனைக் கடந்து நுரையீரலின் அடித்தளம் வரை செல்லக்கூடியது 5 மைக்ரானும் அதற்குக் குறைவுமான நுண்துகளே. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான் ஆகும். தலைமயிரிழை ஒன்றின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரான். எனவே, 5 மைக்ரான் அளவுள்ள துகள்கள் பதினான்கை அருகருகே வைத்தால்தான் ஒரு மயிரிழையின் அகலம் நிரம்பும். இத்தகைய துகள் எளிதில் கீழே படிவதில்லை. அசைவற்ற காற்றிலும் மணிக்கணக்கில் மிதக்கும். பட்டறையில் தூசி அடங்கிவிட்டது என்று கண் கூறும் வேளையிலும், தீங்கு செய்யும் தூசி அங்கே மிதந்துகொண்டுதான் இருக்கும். கண்ணை உறுத்தும் தூசியினும் கண்ணுக்கு எட்டாத தூசியே கொடியது.

நுரையீரலின் உள்ளே பல கோடி காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. மெல்லிய சவ்வாலாகிய இவ்வறைகளிலேதான் காற்றிலுள்ள உயிர்வளி இரத்தத்திற் கலக்கின்றது. இவ்வறைகளைக் காப்பதற்கென்றே சில உயிரணுக்கள் உள்ளன. அயற்பொருள் எதுவும் உட்புகுந்தால் அவை அதனைச் சூழ்ந்து விழுங்கிவிடும். கிருமியை விழுங்கினால் கிருமி அழியும். ஆனால் சிலிக்காத் துகளை விழுங்கினால் விழுங்கிய உயிரணுவே அழிந்துபோகும். அது மடியும்போது வெளிவரும் பொருள்கள் சுற்றியுள்ள தசையைப் புண்ணாக்குகின்றன. விடுபட்ட துகளை மற்றோர் உயிரணு விழுங்குகின்றது; அதுவும் மடிகின்றது. இவ்வாறு ஒரே துகள் காவலரை ஒருவர் பின் ஒருவராக மாய்க்கின்றது. புண் ஆறிய இடத்தில் தோலில் தழும்பு உண்டாதல் போல, நுரையீரலிலும் தழும்பு உண்டாகின்றது. தழும்புகள் சிறுமணிகளாகத் திரண்டு, பின் ஒன்றோடொன்று கூடிப் பெருங்கட்டிகளாகின்றன. பஞ்சுபோல் விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல் இறுகிப் போகின்றது. இதுவே சிலிக்கோசிஸ் என்னும் நோய்.

இந்நோய் பெரும்பாலும் மெல்ல வருவது. பத்து ஆண்டு, இருபது ஆண்டு தூசியில் உழைத்த பின்னரே மூச்சிரைப்பும் இருமலும் தலைகாட்டும். தூசி மிக அடர்ந்த இடத்தில் உழைப்போர்க்கு ஐந்தாறு ஆண்டுகளிலேயே வருதலும் உண்டு. அளவு கடந்த தூசியில் சில மாதங்களிலேயே வந்து உயிரைக் கொள்ளை கொள்ளுதலும் உண்டு. ஒருமுறை உண்டான தழும்பை அகற்றும் மருந்து இன்றுவரை இல்லை. தூசியுள்ள தொழிலை விட்டு நீங்கிய பின்னும் உள்ளிருக்கும் பொடி தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மேலும், சிலிக்காவால் நலிந்த நுரையீரலைக் காசநோய் எளிதிற் பற்றுகின்றது.

கல்லோடு உழைப்போரை இருமல் வாட்டுவதைப் பண்டைக்கால மருத்துவரும் அறிந்திருந்தனர். செருமானிய அறிஞர் அகிரிகோலா, 1556ஆம் ஆண்டில் வெளிவந்த தம் சுரங்க நூலில், தூசி சுரங்கத் தொழிலாளரின் நுரையீரலை அரித்தழிப்பதைக் குறித்துள்ளார். கார்ப்பேத்திய மலைப்பகுதிச் சுரங்கங்களில் கணவனை இழந்து இழந்து எழுவரை மணந்த மகளிரும் இருந்தனர் என்று அவர் கூறும் செய்தி நெஞ்சை உருக்குவதாகும். இத்தாலிய மருத்துவர் இராமசினி, 1700ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றிப் பெருநூல் ஒன்று இயற்றினார். நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு, 'நீ செய்யும் தொழில் யாது?' என்னும் கேள்வியையும் மருத்துவர் சேர்த்துக்கொள்ள வேண்டும் என வற்புறுத்தியவர் அவரே. கற்றச்சரின் நோயைப் பற்றியும் அவர் எழுதினார். 1870ஆம் ஆண்டளவில் மிலான் நகர மருத்துவராகிய விசுகோந்தி இந்நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்னும் பெயரைச் சூட்டினார். எனினும், நோய்க்குப் பெயர் கிடைத்ததே அன்றி, நோயாளிக்கு விடுதலை கிடைக்கவில்லை.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்கு மூலையில் வெர்மான்ட் என்னும் மாநிலம் உள்ளது. அம்மாநிலத்தில் மலைகள் சூழ அமைந்த ஊர் பேரி என்பது. அம்மலைகளில் கிடைக்கும் சாம்பல் நிறக் கருங்கல் ஒரே சீரான மணியுடையது. நுண்ணிய வேலைப்பாட்டிற்கு இசைவது. மழைக்கும் பனிக்கும் அசையாதது. 1875ஆம் ஆண்டில் இருப்புப்பாதை அவ்வூரை எட்டியது. அதன்பின் கல்வெட்டுத் தொழில் ஓங்கி வளர்ந்தது. நாடெங்குமிருந்து கல்லறைக் கற்களும் நினைவுத் தூண்களும் வேண்டுமென்று கேட்டனர். சிற்றூர் நகரமாயிற்று.

கல்லை அறிந்த கைகள் கடல் கடந்து வந்தன. ஸ்காத்லாந்தின் அபர்தீன் நகரிலிருந்து கருங்கல் தச்சர் வந்தனர். அவர்களைத் தொடர்ந்து வட இத்தாலியிலிருந்தும் சிற்பிகள் வந்தனர். அவருள் பலர் கராரா என்னும் ஊரைச் சார்ந்தவர். கராராவின் வெண்சலவைக்கல் உலகப் புகழ் வாய்ந்தது. தலைமுறை தலைமுறையாக அக்கல்லிற் பழகிய அவர்கள், மலரையும் மகரந்தத்தையும் கல்லில் காட்ட வல்லவர்கள். பேரியின் பட்டறைகளில் அவர்களுக்கு நல்ல கூலியும் நன்மதிப்பும் கிடைத்தன.

ஆனால், புதிய நாட்டில் மூன்று மாற்றங்கள் அவர்களை எதிர்நோக்கி இருந்தன. முதலாவது, கல் மாறியது. கராராவில் அவர்கள் செதுக்கியது சலவைக்கல். அதன் பொடியில் குவார்ட்சு மிகக் குறைவு. பேரியில் செதுக்கியது கருங்கல். அதன் பொடியில் குவார்ட்சு மிகுதி. இரண்டாவது, இடம் மாறியது. கராராவில் அவர்கள் பெரும்பாலும் திறந்த வெளியில் உழைத்தனர். வெர்மான்டின் பனிக்காலமோ நீண்டது, கொடியது. ஆண்டு முழுவதும் வேலை நடத்தற் பொருட்டு நாற்புறமும் அடைத்த நீண்ட கொட்டகைகள் எழுப்பப்பட்டன. குளிருக்கு அஞ்சிச் சன்னல்களும் சாத்தப்பட்டன. எழுந்த தூசிக்கு வெளியேற வழியில்லாது போயிற்று. மூன்றாவது, கருவி மாறியது. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் காற்றழுத்தத்தால் இயங்கும் உளிகள் வந்தன. கைச்சுத்தி ஓரடி அடிக்கும் நேரத்தில் இவ்வுளி பலமுறை மோதும். வேலை விரைந்தது, அதனினும் விரைந்து தூசி பெருகியது. கைச்சுத்தி கல்லைச் சில்லாக உடைத்தது. எந்திர உளி கல்லை மாவாக அரைத்தது. அம்மாவையே கற்றச்சர் நாள்தோறும் உட்கொண்டனர்.

கேடு உடனே தோன்றவில்லை. கருவி வந்த ஆண்டில் எவரும் இறந்திலர். மறு ஆண்டிலும் இறந்திலர். அதனால் கருவியை எவரும் ஐயுறவில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின்னர், நாற்பது வயதும் ஐம்பது வயதும் நிரம்பிய வலிய ஆடவர் ஒவ்வொருவராக இருமத் தொடங்கினர். படி ஏறுதல் அரிதாயிற்று. பின்னர்ப் பேசுதலும் அரிதாயிற்று. இறப்புப் பதிவேடுகளில் பெரும்பாலும் காசநோய் என்றே எழுதப்பட்டது. காசநோய் கிருமியால் வருவது என்பது உண்மை. ஆயின், அக்கிருமி ஏன் கற்றச்சரை மட்டும் இவ்வளவு மிகுதியாகத் தேடி வந்தது என்னும் கேள்விக்கு விடை பட்டறையின் காற்றிலே இருந்தது. கணவரை இழந்த மகளிர் பலர், வேலை தேடி வந்த இளைஞருக்குத் தம் வீட்டில் இடமும் உணவும் அளித்து, அதனால் வந்த பொருள் கொண்டு குழந்தைகளை வளர்த்தனர். அவ்விளைஞரும் அதே கொட்டகைகளுக்கே வேலைக்குச் சென்றனர்.

அவ்வூரில் 'நம்பிக்கை' எனப் பொருள்படும் பெயர் கொண்ட இடுகாடு ஒன்று உண்டு. அங்குள்ள நினைவுக் கற்கள் யாவும் அவ்வூர்ச் சாம்பல் நிறக் கருங்கல்லால் ஆனவை. அவற்றுள் ஒன்று, 1937ஆம் ஆண்டில் சிலிக்கோசிஸ் நோயால் மறைந்த லூயி புரூசா என்னும் கற்றச்சரின் கல்லறை மீது நிற்பது. சோர்ந்து சாயும் கணவனை மனைவி தன் கைகளில் தாங்கிக்கொண்டிருக்கும் காட்சி அதிலே செதுக்கப்பட்டுள்ளது. எக்கல்லின் பொடி ஒருவன் உயிரைக் குடித்ததோ, அக்கல்லிலேயே அவன் முடிவைக் காட்டும் அச்சிற்பம் ஓர் ஊரின் துயரம் முழுவதையும் சொல்லாமற் சொல்லி நிற்கின்றது.

நோயை மட்டுமன்றி நோய் வந்த காரணத்தையும் ஆராய வேண்டும் என்பது திருவள்ளுவர் மருத்துவத்திற்கு வகுத்த நெறி. அந்நெறியே பேரியிலும் பயன் தந்தது. 1924ஆம் ஆண்டு முதல் 1926ஆம் ஆண்டு வரை, அமெரிக்க நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறையினர் அப்பட்டறைகளில் தங்கி ஆய்வு நடத்தினர். தொழிலாளரின் உடலை ஆராய்ந்தனர். எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தனர். அத்துடன் நில்லாது, ஒவ்வொரு வேலையிடத்துக் காற்றையும் எடுத்து அதிலுள்ள துகள்களை எண்ணினர். 1929ஆம் ஆண்டில் அவ்வாய்வின் முடிவு வெளியாயிற்று. எந்திர உளியைக் கையில் பிடித்து உழைத்தோரிடம் தூசியும் மிகுதி, நோயும் மிகுதி. தூசி குறைந்த இடங்களில் உழைத்தோரிடம் நோயும் குறைவு. கல் அதுவே, ஊர் அதுவே, உணவும் குளிரும் அவையே. வேறுபட்டது தூசியின் அளவு ஒன்றுதான். ஆகவே, தூசியைக் குறைத்தால் நோயும் குறையும் என்பது வெளிப்படையாயிற்று.

உண்மை தெரிந்த பின்னும் செயல் உடனே தொடரவில்லை. தொழிலாளர் சங்கத்தார் இடைவிடாது வற்புறுத்தினர். இறுதியில் 1937ஆம் ஆண்டு முதல் 1940ஆம் ஆண்டிற்குள் பேரியின் பட்டறைகளில் தூசி உறிஞ்சும் கருவிகள் அமைக்கப்பட்டன. அவற்றின் அமைப்பு மிக எளியது. உளி கல்லைத் தொடும் இடத்தருகே அகன்ற வாயுடைய குழாய் ஒன்று வைக்கப்பட்டது. குழாயின் மறுமுனையில் சுழலும் விசிறி காற்றை வலிந்து இழுத்தது. எழுந்த தூசி கற்றச்சனின் முகத்தை எட்டுமுன் குழாயினுள் புகுந்து வெளியேறியது. அரசினர் ஆண்டுதோறும் காற்றை அளந்தனர். தொழிலாளர்க்கு எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தனர். தூசி முன்பு இருந்ததில் சிறு பங்காகக் குறைந்தது. அக்கருவிகள் வந்த பின்னர்த் தொழிலிற் சேர்ந்தவரிடையே சிலிக்கோசிஸ் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. கல் மாறவில்லை, தொழில் அழியவில்லை, பேரியில் இன்றும் கல் செதுக்குகின்றனர். மாறியது காற்று மட்டுமே.

ஆயினும், கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. பழைய தூசியில் உழைத்தவர்கள் அதனைத் தம் மார்பிலே சுமந்துகொண்டுதான் முதுமை எய்தினர். 1950ஆம் ஆண்டிலிருந்து 1982ஆம் ஆண்டு வரை வெர்மான்டுக் கருங்கல் தொழிலில் இருந்த 5,414 தொழிலாளரின் இறப்புக் காரணங்களை அறிஞர் இருவர் ஆராய்ந்து, 1988ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சிலிக்கோசிசும் காசநோயும் அடங்கிவிட்டன என்னும் நற்செய்தியை அவ்வாய்வு உறுதி செய்தது. ஆனால், 1930ஆம் ஆண்டிற்கு முன்னரே பட்டறையிற் சேர்ந்து பெருந்தூசியில் உழைத்தவரிடையே நுரையீரல் புற்றுநோயால் இறந்தோர் எதிர்பார்த்த அளவினும் மிகுதியாக இருந்தனர்.

இங்கே ஓர் ஐயம் எழுகின்றது. நுரையீரல் புற்றுநோய்க்குப் புகையிலையே தலையாய காரணம் அன்றோ? அவ்வாய்வில், புற்றுநோயால் இறந்தோருள் புகைப்பழக்கம் பற்றிய செய்தி கிடைத்தவர் அனைவரும் புகைபிடித்தவராகவே இருந்தனர். எனின், குற்றம் தூசியினதா, புகையினதா? அறிஞர்கள் விரைந்து முடிவு கூறவில்லை. பேரியில் பின்னர் நடந்த ஆய்வுகளும் ஒத்த முடிவைத் தரவில்லை. ஓர் ஆய்வு தூசி கூடக் கூடப் புற்றுநோயும் கூடுவதாகக் காட்டியது. 2011ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு அவ்வாறு காட்டவில்லை. ஓர் ஊரை மட்டும் நோக்கி ஒரு பெருங்கேள்விக்கு விடை காண்டல் அரிது. ஆதலால், பல நாடுகளிலுள்ள சுரங்கம், கற்பட்டறை, மட்பாண்டத் தொழில் முதலியவற்றில் உழைத்தோரின் செய்திகள் ஒன்றாகத் தொகுத்து ஆராயப்பட்டன. 2001ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு பத்துத் தொழிலாளர் குழுக்களைச் சேர்ந்த அறுபத்தையாயிரத்துக்கு மேற்பட்டோரை உட்கொண்டது. உட்கொண்ட சிலிக்காவின் அளவு உயர உயரப் புற்றுநோயின் அளவும் உயர்ந்ததை அது காட்டியது. சீன நாட்டில் 34,018 தொழிலாளரை 44 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கிய ஆய்வு 2013ஆம் ஆண்டில் வெளியாயிற்று. புகைபிடித்தோரிடம் மட்டுமன்றி, புகைபிடியாதோரிடமும் தூசிக்கேற்ப நுரையீரல் புற்றுநோய் பெருகியதை அது மெய்ப்பித்தது. தூசியும் புகையும் ஒருவரிடத்தே கூடியபோது, அவை தனித்தனியே செய்யும் கேடுகளின் கூட்டுத்தொகையினும் மிகுந்த கேடு விளைந்தது.

பிரான்சு நாட்டின் லியோன் நகரில் அமைந்த அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இச்சான்றுகளை எல்லாம் சீர்தூக்கிப் பார்த்தது. தொழில் வழியாக மூச்சில் புகும் படிகச் சிலிக்கா மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கும் பொருளே என்று 1997ஆம் ஆண்டில் அது முடிவு கூறியது. பின்னர் மீண்டும் ஆராய்ந்து அம்முடிவையே நிலைநாட்டியது. சிலிக்கா இதனைச் செய்யும் முறையும் ஓரளவு விளங்கியுள்ளது. நுரையீரலில் தீராது தொடரும் புண், அங்குள்ள உயிரணுக்களை இடைவிடாது சிதைத்தும் பெருக்கியும் வருகின்றது. அவ்வாறு பெருகும்போது, உயிரணுவின் உள்ளிருக்கும் மரபுப்பொருளில் பழுது நேர்கின்றது. பழுதுற்ற அணு கட்டுக்கு அடங்காது பெருகுவதே புற்று. புதிதாக உடைந்த குவார்ட்சின் முகம் பழைய துகளின் முகத்தினும் வீரியம் மிக்கது என்பதும் அறியப்பட்டுள்ளது. உளிமுனையில் அப்போதே உடைந்து எழும் பொடி கடற்கரை மணலினும் கொடிதாதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவற்றிலிருந்து தெளிவாகும் உண்மை ஒன்றே. உடலில் நோய் தோன்றிய பின்னர்த் தூசியைத் தடுப்பது, வெள்ளம் போன பின்னர் அணை கட்டுவதாகும். இன்று எழும் தூசிக்கு இருபது ஆண்டு, முப்பது ஆண்டு கழித்தே உடல் கணக்குக் காட்டும். ஆதலால், காவல் உளிமுனையிலேயே தொடங்குதல் வேண்டும்.

அக்காவல் யாது? முதலாவது நீர். கல்லை அறுக்கும்போதும் துளைக்கும்போதும் நீரைச் சொரிந்தால் பொடி சேறாகிக் கீழே விழும், காற்றில் எழாது. இரண்டாவது உறிஞ்சு குழாய். நீர் ஊற்ற இயலாத இடத்தில், பேரியில் செய்தது போல, தூசியைப் பிறந்த இடத்திலேயே பிடித்தல் வேண்டும். மூன்றாவது தூய்மை. உலர்ந்த தரையைத் துடைப்பத்தால் பெருக்குதலும், ஆடையிற் படிந்த பொடியைக் காற்றடித்து ஊதுதலும் அடங்கிய தூசியை மீண்டும் எழுப்பிவிடும். ஈரத்துணியால் துடைத்தலே தக்கது. தூசி படிந்த ஆடையோடு வீடு செல்லின், அத்தூசி மனைவி மக்களின் மூச்சிலும் கலக்கும். நான்காவது முகக்கவசம். நுண்துகளைத் தடுக்கும் வகையில் அமைந்து, முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் கவசமே பயன் தருவது. வாயிற் கட்டிய துணி பருந்தூசியைத் தடுக்குமே அன்றி, 5 மைக்ரான் துகளைத் தடுக்காது. கவசமும் மற்றைக் காவல்களுக்குத் துணையே ஆகும். அவற்றுக்கு மாற்று ஆகாது. இவற்றோடு குறித்த காலத்தில் மருத்துவச் சோதனையும், புகையிலையை அறவே விடுதலும் வேண்டும்.

காற்றில் எவ்வளவு சிலிக்காவைப் பொறுக்கலாம்? அமெரிக்க நாட்டில் 2016ஆம் ஆண்டில் வகுத்த விதியின்படி, எட்டு மணி நேர வேலையின் சராசரியாக, ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் நுண்சிலிக்கா இருத்தல் கூடாது. ஒரு கிராமை இருபதாயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு 50 மைக்ரோகிராம் ஆகும். அவ்வளவு சிறிய பொடியையும் எண்ணி அஞ்ச வேண்டியிருக்கின்றது எனின், அப்பொடியின் கொடுமை சொல்லாமலே விளங்கும்.

பேரி கற்பித்த பாடத்தை உலகம் முற்றும் கற்றுக்கொண்டதா எனின், இல்லை என்றே கூற வேண்டும். அண்மைக் காலத்தில் சமையலறை மேடைகளுக்கென்று செயற்கைக் கல் ஒன்று பரவியது. குவார்ட்சுப் பொடியைப் பிசினோடு கலந்து அழுத்திச் செய்யும் அக்கல்லில் சிலிக்கா நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மிகுதியாக இருத்தல் உண்டு. அதனை உலர்நிலையில் அறுத்த தொழிலாளர் பலர், முப்பது நாற்பது வயதிலேயே சிலிக்கோசிஸ் நோய்க்கு ஆளாயினர். இத்துயரம் பல நாடுகளில் காணப்பட்டது. ஆஸ்திரேலிய நாடு 2024ஆம் ஆண்டு சூலை முதல் நாளிலிருந்து அக்கல்லைத் தடை செய்தது. கல் புதிது, கருவி புதிது, நோய் மட்டும் பழையது.

இந்திய நாட்டிலும் இந்நோய் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் மந்தசௌர் பகுதியில் சிலேட்டுக் குச்சி அறுக்கும் தொழில் நடந்து வந்தது. குழந்தைகள் அகரம் எழுதிப் பழகும் அக்குச்சியை எந்திர வாளால் அறுத்தவரிடையே அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனத்தார் நடத்திய ஆய்வு 1985ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சோதிக்கப்பட்டோருள் பாதிக்கு மேற்பட்டோரிடம் சிலிக்கோசிஸ் காணப்பட்டது. ஒரு குழந்தையின் கையில் எழுத்தாகப் பிறந்தது, மற்றொரு குழந்தையின் தந்தையினுடைய மார்பில் தழும்பாகப் பிறந்தது. ராஜஸ்தானத்து மணற்கல் சுரங்கங்களிலும் இந்நோய் பலரை வாட்டுகின்றது. அம்மாநில அரசு 2019ஆம் ஆண்டில் நோயுற்றோர்க்கு உதவித்தொகை வழங்கத் திட்டம் ஒன்று வகுத்தது. தமிழகத்திலும் கருங்கல் வெட்டும் தொழில் பெருகியுள்ளது. மாமல்லபுரத்துச் சிற்பிகளின் கையிலும் இன்று உளியோடு எந்திர அறுவைக் கருவி இடம் பெற்றுள்ளது. பேரியில் கைச்சுத்தி போய் எந்திர உளி வந்தபோது நேர்ந்தது என்ன என்பதை இங்குள்ளோரும் எண்ணிப் பார்த்தல் கடன்.

கற்றச்சர் கருவியைக் கைவிட வேண்டுவதில்லை. கலையைக் கைவிட வேண்டுவதில்லை. நீர் சொரியும் குழாயும், காற்றை இழுக்கும் விசிறியும், தூசியை அளந்து பார்க்கும் அரசினரும், கூலியோடு தூய காற்றையும் கேட்டுப் பெறும் தொழிலாளரும், அதனை மறுக்காது அளிக்கும் முதலாளியும் இருப்பின் போதும். கல் தூசி கற்றச்சரின் தலையெழுத்து என்று கூறுவோர் பேரியின் வரலாற்றை அறியாதவர். தலையெழுத்து என்று எண்ணியிருந்த காலத்தில் அங்கே இளையோர் மாண்டனர். காரணம் அறிந்து கருவி செய்த பின்னர் அவர்களின் மைந்தர் முதுமை கண்டனர்.

கோயில் தூணைத் தொட்டுப் பார்க்கும் மாணவர், அதனைச் செதுக்கிய கையை நினைத்தல் நன்று. அக்கையோடு சேர்ந்து உழைத்த மூச்சையும் நினைத்தல் அதனினும் நன்று.